தலையணை தொடும் முன் கிடைத்த விடுதலை: புத்தரின் நிழலாக வாழ்ந்த ஆனந்தர்

விசாகத் திருநாள் வந்தால் புத்தரின் பிறப்பு, ஞானம், மறைவு மூன்றையும் மக்கள் நினைவுகூர்கிறார்கள். தலைநகர் பிரிக்பீல்ட்ஸில் 1894 முதல் இருந்துவரும் புத்த மகா விகாரைக்கு அன்றைய தினம் நம்மவர்களும் சென்று வருவதுண்டு. புத்தரின் கதை நமக்குப் புதிதல்ல. ஆனால், அவருக்குப் பின்னால் 25 ஆண்டுகள் நிழல்போல நடந்த ஆனந்தரின் கதை அந்த அளவுக்கு நம்மிடையே பேசப்படுவதில்லை.

பேசப்பட வேண்டிய கதை அது. எவ்வளவு உழைத்தாலும் போதவில்லை என்று தன்னையே குத்திக்கொள்ளும் மனம் நம்மில் பலருக்கு உண்டு. பிள்ளையின் தேர்வு முடிவில் ஒரு பாடம் குறைந்தால் தன் வளர்ப்பையே குறை சொல்லிக்கொள்ளும் தாய், ஓவர்டைம் செய்தும் வீட்டுக்குப் போதுமானதைக் கொடுக்கவில்லையே என்று தூக்கம் கெடும் தந்தை, செய்த வேலையை நூறு முறை திருத்தியும் நிறைவு காணாத இளைஞர் என அந்த மனத்துக்குப் பல முகங்கள். ஆனந்தருக்கும் அந்த வேதனை இருந்தது. அதிலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார் என்பதைப் பௌத்த நூல்கள் மறைக்காமல் பதிவு செய்து வைத்திருக்கின்றன.

நாவிதருக்கு முதலிடம் கொடுத்த இளவரசர்கள்

ஆனந்தர் சாக்கிய குலத்தவர். புத்தருக்கு ஒன்றுவிட்ட தம்பி. புத்தர் ஞானம் பெற்றுத் தம் மக்களைக் காண வந்துசென்ற பிறகு, அனுருத்தர், பத்தியர், தேவதத்தர் முதலிய சாக்கிய இளைஞர்களோடு சேர்ந்து அவரும் துறவு பூண்டார். அவர்களுக்கு முடிதிருத்தும் உபாலியும் உடன் சென்றார்.

துறவு பெறும் நேரத்தில் அந்த இளைஞர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தனர். தங்களுக்கு முன்னால் உபாலிக்குத் துறவு தர வேண்டும் என்றனர். சங்கத்தில் முதலில் சேர்ந்தவரே மூத்தவர். பின்னால் வந்தவர்கள் அவரை வணங்க வேண்டும். நேற்று வரை தங்களுக்கு ஊழியம் செய்தவரைத் தாங்களே வணங்கினால் குலப்பெருமை தானாக அடங்கும் என்பது அவர்கள் எண்ணம். சாதி பார்த்துப் பந்தியில் இடம் பிரித்த காலங்களைக் கண்டு வந்த நம் சமூகம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. அந்த உபாலி இந்தக் கதையின் முடிவில் மீண்டும் வருவார்.

எட்டு நிபந்தனைகள்

ஞானம் பெற்ற முதல் 20 ஆண்டுகளில் புத்தருக்கு நிலையான உதவியாளர் என்று ஒருவர் இல்லை. ஒருவர் மாற்றி ஒருவராகப் பலர் இருந்தனர். வயது 55ஐ எட்டியபோது, நம்பிக்கையான ஒருவர் தமக்கு வேண்டும் என்று புத்தர் தெரிவித்தார். மூத்த சீடர்கள் பலரும் முன்வந்தனர். ஆனந்தர் மட்டும் பேசாமல் இருந்தார். கேட்டு வாங்கும் பதவியாக அது இருக்கக்கூடாது என்பது அவர் கருத்து.

பொறுப்பு தம்மைத் தேடி வந்தபோது அவர் எட்டு நிபந்தனைகள் வைத்தார். புத்தருக்குக் கிடைக்கும் நல்ல ஆடையையும் நல்ல உணவையும் தமக்குத் தரக்கூடாது. அவர் தங்கும் குடிலில் தமக்கு இடம் கூடாது. அவருக்கு வரும் தனி விருந்தழைப்புகளில் தம்மைச் சேர்க்கக்கூடாது. இவை நான்கும் மறுப்புகள். அடுத்த நான்கும் கோரிக்கைகள். தாம் ஏற்றுக்கொண்ட அழைப்புக்குப் புத்தர் வர வேண்டும். தொலைவிலிருந்து வருபவர்களை உடனே அழைத்துச்செல்ல அனுமதி வேண்டும். ஐயம் எழுந்தால் எந்த நேரமும் கேட்கலாம். தாம் இல்லாத இடத்தில் சொன்ன போதனையைத் தம்மிடம் மறுபடி சொல்ல வேண்டும்.

ஆதாயத்துக்காகச் சேவை செய்கிறார் என்று யாரும் விரல் நீட்டக்கூடாது என்பதற்காக முதல் நான்கு. கடமையில் ஓட்டை விழக்கூடாது என்பதற்காகப் பின் நான்கு. ஆனந்தரின் குணம் இந்த எட்டிலேயே தெரிந்துவிடுகிறது. எதிலும் குறை வைக்கக்கூடாது என்று நினைத்தவர் அவர்.

அப்படியேதான் 25 ஆண்டுகள் உழைத்தார். தண்ணீர் கொண்டுவருவது, கால் கழுவிவிடுவது, குடிலைக் கூட்டுவது, வருவோரை வரிசைப்படுத்துவது எல்லாம் அவர் கையில். இரவில் விளக்கை ஏந்திக் குடிலைச் சுற்றி வருவார் என்றும், கூப்பிட்ட குரலுக்கு உடனே நிற்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம் என்றும் உரைநூல்கள் கூறுகின்றன. மகத நாட்டு வயல்களின் வரப்பு அமைப்பைப் புத்தர் ஒருமுறை காட்டியபோது, அதே வடிவில் துண்டுகளை இணைத்துத் துறவியின் ஆடையைத் தைக்கும் முறையை வகுத்தவரும் ஆனந்தர்தான். இன்றும் பிக்குகள் அணியும் காவியாடையில் அந்த வயல் வரப்புகளைப் பார்க்கலாம்.

எழுதி வைக்கும் பழக்கம் இல்லாத காலம் அது. கேட்டதை எல்லாம் அவர் நெஞ்சில் நிறுத்தினார். 84,000 போதனைகள் அவர் நினைவில் இருந்தன என்பது மரபு. அவற்றில் 82,000 புத்தரிடம் கேட்டவை. 2,000 மற்றச் சீடர்களிடம் கேட்டவை.

பெண்களுக்காகப் பேசியவர்

புத்தரைப் பெற்ற தாய் மாயா தேவி ஏழாம் நாளே மறைந்துவிட, பாலூட்டி வளர்த்தவர் சிற்றன்னை மகாபிரஜாபதி கௌதமி. அவர் துறவு கேட்டபோது புத்தர் இசையவில்லை. கௌதமி தலைமுடியைக் களைந்து, காவி உடுத்தி, சாக்கியப் பெண்கள் பலரோடு வைசாலி வரை நடந்தே வந்தார். கால்கள் வீங்கி, உடலெங்கும் புழுதி படிந்து, வாசலில் அழுதபடி நின்ற அவரைக் கண்டவர் ஆனந்தர். உள்ளே சென்று மூன்று முறை பரிந்து பேசினார். பலிக்கவில்லை. பிறகு வேறு விதமாகக் கேட்டார். பெண்களால் மெய்ஞ்ஞானம் அடைய முடியுமா, முடியாதா என்று. முடியும் என்றார் புத்தர். அப்படியானால் வளர்த்த தாய்க்கு வழி விடக்கூடாதா என்று ஆனந்தர் முறையிட, பெண் துறவியர் சங்கம் பிறந்தது.

இன்னொரு கதையும் உண்டு. கிணற்றடியில் நின்ற பெண்ணிடம் ஆனந்தர் தண்ணீர் கேட்டார். தாழ்ந்த குலத்தவள் என்று அவள் தயங்கியபோது, தாம் கேட்டது தண்ணீரைத்தான், குலத்தை விசாரிக்கவில்லை என்று சொல்லி வாங்கிக் குடித்தார். வடமொழிப் பௌத்த நூல் ஒன்றில் உள்ள இந்த நிகழ்ச்சியை வைத்தே மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1922இல் சண்டாள பிட்சுகி என்ற காவியத்தையும், தாகூர் 1933இல் சண்டாலிகா என்ற நாடகத்தையும் எழுதினர்.

உள்ளே இருந்த குறை

இவ்வளவு செய்தவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் மனக்குறை. ஆசை, வெறுப்பு, மயக்கம் மூன்றும் அற்ற நிலையை அடைந்தவரை அரகந்தர் என்பார்கள். அந்த நிலைக்கு நான்கு படிகள். ஆனந்தர் முதல் படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் சங்கத்தில் சேர்ந்தவர்கள் கூட நான்காவது படியை எட்டினார்கள். எல்லாப் போதனையும் மனப்பாடமாக வைத்திருந்தவர் மட்டும் கற்றுக்கொண்டிருப்பவராகவே இருந்தார்.

புத்தரின் கடைசி ஆண்டில் இந்த வேதனை கூடியது. வேலுவம் என்ற சிற்றூரில் புத்தர் நோயில் விழுந்தபோது, தம் உடல் சோர்ந்து திசையே தெரியாமல் போனதாக ஆனந்தர் பின்னர் கூறினார். அப்போது புத்தர் அவருக்குச் சொன்ன அறிவுரை, தன்னையே தனக்குத் தீவாக்கிக்கொள்ள வேண்டும் என்பது. அதற்கான வழியையும் விளக்கினார். உடலை, உடலில் தோன்றும் உணர்ச்சிகளை, மனத்தின் நிலையை, மனத்தில் எழும் எண்ணங்களை, வருவதை வருவதாகவும் போவதைப் போவதாகவும் விழிப்போடு கவனிப்பதுதான் அந்த வழி. இன்று உலகெங்கும் பேசப்படும் மனவிழிப்புப் பயிற்சிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அடுத்து நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பாவா என்ற ஊரில் சுந்தன் என்ற கொல்லர் பரிமாறிய உணவுக்குப் பிறகு புத்தரின் நோய் கடுமையாகிவிட்டது. தாம் தந்த உணவால்தான் இப்படி ஆனதோ என்று சுந்தன் வாழ்நாள் முழுதும் தம்மை நொந்துகொள்வாரே எனப் புத்தர் எண்ணினார். ஆகவே அவரிடம் குற்றம் இல்லை, அது பெரும் புண்ணியமான உணவு என்று சொல்லித் தேற்றும்படி ஆனந்தரிடம் ஒப்படைத்தார். மரண வலியிலும் மற்றவரின் குற்ற உணர்வை நீக்க நினைத்தவர் புத்தர். அந்த ஆறுதலைச் சுமந்து செல்ல வேண்டியவர் ஆனந்தர். ஆனால் தமக்கென்று ஓர் ஆறுதல் அவரிடம் இல்லை.

குசிநகரத்தில் புத்தர் இறுதிப் படுக்கையில் இருந்தபோது ஆனந்தர் தனியே சென்று கதவுச் சட்டத்தில் சாய்ந்து அழுதார். தாம் இன்னும் கற்க வேண்டியவராகவே இருக்க, தம்மிடம் இரக்கம் காட்டிய ஆசான் போகிறாரே என்பது அவர் துக்கம். புத்தர் அவரை அழைத்து, நீண்ட காலம் அன்போடு செய்த சேவையை எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். முயற்சியைத் தொடர்ந்தால் விரைவில் விடுதலை கிட்டும் என்றும் உறுதி கூறினார்.

ஐந்நூறில் ஓர் இடம்

புத்தர் மறைந்தது கி.மு. 544 என்பது தேரவாத மரபின் கணக்கு. வரலாற்று ஆய்வாளர்கள் அதற்குப் பிந்திய காலத்தைக் கூறுகின்றனர். அவர் மறைந்த அந்த மழைக்காலத்திலேயே, போதனைகள் சிதறிவிடாமல் தொகுக்க மகாகாசியபர் ஒரு மாநாட்டைக் கூட்டினார். இடம் ராஜகிருகம், இன்றைய பீகார் மாநிலத்தின் ராஜ்கிர். கலந்துகொள்ள 499 அரகந்தர்களை மகாகாசியபர் தேர்ந்தெடுத்தார். ஆனந்தர் பெயர் அதில் இல்லை. அவர் இல்லாமல் போதனைகளை யார் ஒப்பிப்பது என்று பிக்குகள் எடுத்துச்சொல்ல, ஐந்நூறாவது இடம் அவருக்குக் கிடைத்தது.

கிடைத்த இடமே அவரைக் குத்தியது. அரகந்தர் அல்லாத ஒருவர் கூட்டத்தில் இருக்கிறார் என்று சிலர் ஜாடையாகப் பேசியதாக உரைநூல்கள் தெரிவிக்கின்றன. மறுநாள் மாநாடு. கற்றுக்கொண்டிருப்பவராக அந்த அவையில் போய் உட்காருவது தகாது என்று ஆனந்தர் முடிவு செய்தார். அன்று இரவுக்குள் எப்படியாவது எட்டிவிட வேண்டும் என்று உடல்மீது மனத்தை நிறுத்தி முன்னும் பின்னுமாக நடந்தார். இரவின் பெரும் பகுதி அப்படியே போனது. கிழக்கு வெளுக்கும் நேரம் நெருங்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

வீணையும் பால்வெட்டு உளியும்

அதே ராஜகிருகத்தின் அருகே முன்பு நடந்த ஒரு சம்பவம் ஆனந்தருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். சோணர் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை துறவு பூண்டு, பாதம் கிழிந்து இரத்தம் வழியும் வரை நடந்து தியானம் செய்தார். பலன் இல்லாமல் மனமொடிந்து வீட்டுக்கே திரும்பிவிட எண்ணினார். புத்தர் அவரிடம், இல்லறத்தில் இருந்தபோது அவர் வாசித்த வீணையைப் பற்றி விசாரித்தார். நரம்பை அதிகம் முறுக்கினால் இசை வராது. தளர விட்டாலும் வராது. முயற்சியும் அப்படித்தான் என்று புரிய வைத்தார். இந்த உவமை ஆனந்தரின் நினைவுப் பெட்டகத்தில் இருந்தும், அந்த இரவில் அவர் தம் நரம்பையே முறுக்கிக்கொண்டிருந்தார்.

ரந்தாவ், லிங்கி, லாபு, சிலியாவ் பக்கம் பால்மரம் வெட்டிய நம் மூத்தவர்களுக்கு வீணை வாசிக்கத் தெரிந்திருக்காது. ஆனால் இந்த உவமை அவர்கள் கையிலேயே இருந்தது. உளியை மேலாக ஓட்டினால் மங்கில் பால் சேராது. கூடுதல் பாலுக்கு ஆசைப்பட்டு ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். அந்த இடத்தில் பட்டை புடைத்து முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி வெட்ட வரும்போது உளி ஓடாது. அதோடு, ஒரு நாள் வெட்டினால் மறுநாள் அந்த மரத்துக்கு ஓய்வு கொடுக்கும் முறையும் இருந்தது. இன்று அந்த நிலங்களில் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. ஆனாலும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அந்தக் கைகள் மறந்திருக்காது.

ஆனந்தர் அந்த இடத்தைக் கண்டுகொண்டது விடியலுக்குச் சற்று முன்னால்தான். குசிநகரத்தில் புத்தர் தந்த உறுதி நினைவுக்கு வந்தது. அவர் சொல் பொய்க்காது; அப்படியானால் தடை எங்கே என்று தம்மையே கவனித்தார். தேவைக்கு மேல் முயல்வதால் மனம் பதறிக்கிடக்கிறது என்று தெரிந்தது. உரைநூல்கள் காட்டும் ஆனந்தர் அப்போது தம்மைத் திட்டிக்கொள்ளவில்லை. நடப்பதை நிறுத்தினார். கால்களைக் கழுவினார். கொஞ்சம் ஓய்வெடுக்கலாம் என்று கட்டிலில் அமர்ந்து சாய்ந்தார். பாதங்கள் தரையை விட்டு எழுந்துவிட்டன. தலை இன்னும் தலையணையைத் தொடவில்லை. அந்த இடைவெளியில் அவர் மனம் எல்லாக் கட்டுகளிலிருந்தும் விடுபட்டது. நடக்கும்போதும் இல்லாமல், நிற்கும்போதும் இல்லாமல், உட்கார்ந்தும் படுத்தும் இல்லாமல் ஞானம் பெற்றவர் என்று பௌத்த மரபு அவரைத் தனித்துக் கூறுகிறது.

இதை முயற்சியே வேண்டாம் என்பதற்கான கதையாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நொடிக்குப் பின்னால் 25 ஆண்டு உழைப்பும் ஓர் இரவு விழிப்பும் இருந்தன. அவர் விட்டது உழைப்பை அன்று. இன்றைக்குள் முடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் தாம் எதற்கும் லாயக்கில்லை என்ற பிடிவாதத்தைத்தான்.

அவையில் ஐந்து குற்றச்சாட்டுகள்

மறுநாள் மாநாட்டில் முதலில் துறவியருக்கான ஒழுக்க விதிகள் ஒப்பிக்கப்பட்டன. ஒப்பித்தவர் முன்னாள் நாவிதரான உபாலி. அடுத்துப் போதனைகள், அவற்றை ஒப்பித்தவர் ஆனந்தர். இளவரசரும் அவருக்கு முடிதிருத்தியவரும் சொல்லச் சொல்ல, புத்தரின் சொத்து முழுவதும் சங்கத்தின் கைக்கு வந்தது.

அதன் பிறகுதான் சோதனை. மூத்த பிக்குகள் ஆனந்தர்மீது ஐந்து குற்றங்களை அடுக்கினர். சிறு விதிகளை நீக்கிக்கொள்ளலாம் என்று புத்தர் கூறியபோது, எவை சிறு விதிகள் என்று அவர் கேட்டு வைக்கவில்லை. புத்தரின் ஆடையைத் தைத்தபோது அதன்மேல் கால் வைத்தார். புத்தரின் உடலை முதலில் பெண்கள் வணங்க விட்டதால் அவர்கள் கண்ணீர் அதில் பட்டது. இன்னும் நெடுங்காலம் வாழும்படி புத்தரை வேண்டத் தவறினார். பெண்கள் துறவு பெறக் காரணமாக இருந்தார்.

ஒரு நாள் முன்னதாக இது நடந்திருந்தால் அவர் நொறுங்கிப்போயிருக்கக்கூடும். இப்போது ஒவ்வொன்றுக்கும் அமைதியாகப் பதில் கூறினார். கேட்காமல் விட்டது மறதியால். ஆடையை மிதித்தது அவமதிப்பினால் அன்று. பெண்கள் இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டும் என்பதால் முதலில் விட்டது. வாழும்படி வேண்டாதது மனம் மயங்கியிருந்ததால். கௌதமிக்காகப் பேசியது அவர் புத்தரைப் பாலூட்டி வளர்த்தவர் என்பதால். இவற்றில் எதையும் தாம் குற்றமாகக் காணவில்லை என்பதை ஒவ்வொரு முறையும் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் சபையில் உள்ள பெரியவர்கள்மேல் வைத்த மதிப்பால் அதைக் குற்றமாக ஏற்பதாகவும் சொன்னார்.

குறை சொல்லப்பட்டால் நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு. ஒன்று, எகிறிக்கொண்டு சண்டைக்குப் போவது. இல்லையென்றால் உள்ளுக்குள் உடைந்து பல நாள் அதையே நினைப்பது. ஆனந்தர் உண்மையையும் விட்டுக்கொடுக்கவில்லை, உறவையும் முறித்துக்கொள்ளவில்லை. ஐந்தில் எது மறதி, எது நல்லெண்ணம் என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவரிடம் இருந்தது.

பழைய துணிக்கும் ஒரு பயன்

அதன் பிறகு கோசாம்பி சென்றபோது, உதயண மன்னரின் அரண்மனைப் பெண்கள் அவருக்கு 500 ஆடைகளை வழங்கினர். ஒரு துறவிக்கு இவ்வளவு எதற்கு என்று மன்னர் விசாரித்தார். ஆடை கிழிந்த பிக்குகளுக்குக் கொடுப்பதாக ஆனந்தர் கூறினார். அவர்களின் கிழிந்த ஆடைகள் மேல்விரிப்பாகும். பழைய விரிப்புகள் மெத்தை உறையாகும். பழைய உறைகள் தரைவிரிப்பாகும். அதுவும் பழசானால் கால்மிதியாகும். பிறகு தூசு தட்டும் துணியாகும். கடைசியில் நறுக்கி மண்ணோடு குழைத்துத் தரை மெழுகப் பயன்படும் என்றார். மன்னர் மனம் மகிழ்ந்து மேலும் 500 ஆடைகள் தந்தார். பழையது, கிழிந்தது என்பதற்காக எதையும் தூக்கி எறியாத மனம் அது.

ஆனந்தர் நெடுங்காலம் வாழ்ந்தார். 120 வயது என்பது மரபு. அவர் உடலின் எச்சம் தங்களுக்கே வேண்டும் என்று ஓர் ஆற்றின் இரு கரை மக்களும் விரும்ப, யாரும் சண்டையிடக்கூடாது என்று இரு கரைக்கும் கிடைக்கும்படி அவர் மறைந்ததாகக் கூறுவார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீன யாத்திரிகர் பாகியான், பெண் துறவியர் ஆனந்தரின் நினைவுத் தூபிக்கு வழிபாடு செய்வதைப் பதிவு செய்துள்ளார். எது குற்றம் என்று சபையில் சுமத்தப்பட்டதோ அதற்காகவே பல நூற்றாண்டுகள் கழித்தும் அவரை வணங்கினார்கள்.

புத்தரின் போதனைகள் பலவும், இவ்வாறு தாம் கேட்டதாகச் சொல்லும் ஒரு சிறு முகவுரையோடுதான் தொடங்கும். அது ஆனந்தரின் குரல் என்பது மரபு. முழுமை பெற்ற பிறகும் அவர் அந்த வாக்கியத்தை மாற்றவில்லை. தாம் சாதித்ததாக ஒரு சொல்லும் அதில் இல்லை. கேட்டார், நினைவில் வைத்தார், அடுத்தவருக்குக் கொடுத்தார். அதுவே போதும் என்று இருந்துவிட்டார்.